கராஜில் சுருட்டிய றோல்ஸ்

சிட்னியின் டூங்கபியில் நாங்கள் இருந்த வீட்டின் கராஜுக்குள் ஒருநாளும் கார் நின்றதில்லை. கார் வெளியே வெயிலில் காயும், உள்ளே றோல்ஸ் தயாராகும். எங்கள் ஆட்களுக்குப் பிறந்தநாள் என்றால் கேக் இல்லாமலும் சமாளித்துவிடலாம், மட்டன் றோல்ஸ் இல்லாமல் முடியாது. அதைக் கடையில் வாங்கினால் சனம் சிரிக்கும். ஆகவே முதல்நாளே மனைவியின் சிநேகிதிகள் கூடிவிடுவார்கள். ஒருத்தி மாவை மெல்லிய தோசைபோல ஊற்றி எடுப்பாள், ஒருத்தி அதில் இறைச்சிக் கறியை வைப்பாள், மற்றவர்கள் சுருட்டி, முட்டையில் தோய்த்து, றஸ்க் தூளில் புரட்டுவார்கள். முடி விழக்கூடாது என்று மனைவி எல்லோர் தலையிலும் குளியல் தொப்பி மாட்டிவிடுவாள். வழுக்கைத் தலையனான எனக்கும் விலக்கில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில், மகளின் பிறந்தநாளுக்கு முதல்நாள் காலை அப்படியொரு கூட்டம். மனைவியின் தம்பி, என் மச்சான், அப்போது எங்களோடு இருந்தான். அகதி வழக்கின் முடிவுக்காகக் காத்திருந்தான். கையிலிருந்த தற்காலிக விசாவில் வேலை செய்யத் தடை. வேலை செய்து பிடிபட்டால் தடுப்பு முகாம், அதன்பின் கொழும்பு விமானம். கடை வாசலில் யாருக்காவது ஒரு பெட்டியைத் தூக்கிக் கொடுக்கவும் பயப்படுவான். ஆனால் றோல்ஸ் சுருட்டுவதில் அவனை மிஞ்ச ஆளில்லை. அச்சில் வார்த்தமாதிரி எல்லாம் ஒரே அளவாக இருக்கும்.

பக்கத்து வீட்டு இங்கிலாந்துக்காரரும் வந்திருந்தார். பொரிக்கும் வாசம் வேலியைத் தாண்டினால் அவரும் தாண்டிவிடுவார். அவருக்கும் ஒரு தொப்பி, தூளில் புரட்டும் வேலை.

வாசல் மணி அடித்தது. போய்த் திறந்தேன். குடிவரவு அதிகாரிகள் இருவர் நின்றார்கள். விசா இல்லாத ஆட்களை வைத்து இங்கே சாப்பாட்டுத் தொழிற்சாலை நடப்பதாக யாரோ போன் எடுத்துச் சொல்லியிருக்கிறார்களாம். கராஜை எட்டிப் பார்த்ததும் இருவர் முகத்திலும் ஒரு திருப்தி. அவர்களையும் குறை சொல்ல முடியாது, தொப்பிகளும் தட்டுகளுமாகப் பார்க்க அப்படித்தான் இருந்தது.

ஒவ்வொருவராக விசாரித்தார்கள். ஒருத்தி நர்ஸ், இன்னொருத்தி வரி அலுவலகத்தில் வேலை. "நாங்களும் கவர்மெண்ட் ஆக்கள்தான்" என்று அவள் முணுமுணுத்தாள். நான் சாமியறைக்கு ஓடி, பிள்ளையாருக்குப் பக்கத்தில் மாட்டியிருந்த குடியுரிமைச் சான்றிதழைக் கண்ணாடியோடு கழற்றிக்கொண்டு வந்தேன். வெள்ளிக்கிழமைகளில் மனைவி அதற்கும் சந்தனப் பொட்டு வைப்பாள். அதிகாரி பொட்டைச் சுரண்டி முத்திரையைத் தேடினார்.

இங்கிலாந்துக்காரரிடம் மட்டும் எதுவும் கேட்கவில்லை. தொந்தரவுக்கு மன்னிக்கவேண்டும் என்று சொல்லி, பக்கத்து வீடா என்று விசாரித்ததோடு சரி. அவர் தலையாட்டினார். தாடி முழுக்க றஸ்க் தூள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மச்சானை நினைத்து வாயை மூடிக்கொண்டேன்.

மச்சானின் விசாவைப் படித்த மூத்த அதிகாரி நிமிர்ந்தார். வேலை செய்ய அனுமதி இல்லையே, இங்கே என்ன சம்பளம் என்று கேட்டார். அவன் தட்டைப் பார்த்து, கைதேர்ந்த வேலை என்றும் சொன்னார். அவனுக்கு நாங்கள் கொடுத்தது தேத்தண்ணியும் திட்டும்தான். அதைச் சொன்னால் யார் நம்புவார்கள்? மச்சான் மாவு ஒட்டிய கைகளை நீட்டியபடி என்னைப் பார்த்தான்.

"அத்தான், என்னைக் கொண்டு போகப்போகினமோ?"

நான் வாயைத் திறக்குமுன் மனைவி முந்திக்கொண்டாள். அந்தத் தட்டு தன்னுடையது என்று ஆங்கிலத்தில் அடித்துச் சொன்னாள். தம்பி சுருட்டியது இது என்று என் தட்டை இழுத்து அதிகாரியின் மூக்கடியில் வைத்தாள். அதில் ஒன்று வயிறு வெடித்துக் கிடந்தது, ஒன்று வாயைப் பிளந்திருந்தது, மற்றவை என்ன உருவம் என்று சுருட்டிய எனக்கே தெரியாது. இதற்கு எந்த முதலாளியாவது சம்பளம் கொடுப்பானா என்று கேட்டாள்.

அதிகாரி தட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, கொடுக்கமாட்டான் என்று ஒப்புக்கொண்டு விசாவைத் திருப்பிக் கொடுத்தார். அவ்வளவு மோசமில்லை என்று சிநேகிதிகளில் ஒருத்தியாவது கொஞ்சம் மறுத்திருக்கலாம் என்ற மனத்தாங்கல் எனக்கு இன்னும் உண்டு.

அவர்களின் கார் போனபிறகு மச்சான் கவிழ்த்துவைத்த வாளியில் உட்கார்ந்து அழுதான். மனைவி அவன் தலையைத் தடவினாள். யாரும் அடுத்த றோலைத் தொடவில்லை. அப்போதுதான் இங்கிலாந்துக்காரர் தொப்பியைக் கழற்றினார். தன் விசா முடிந்து பல வருடங்கள் ஆகின்றன என்றார். நாட்டைச் சுற்றிப் பார்க்க வந்தவராம், பிடித்துப்போய் அப்படியே தங்கிவிட்டாராம். இன்று தன்னிடமும் கேட்பார்கள் என்று காத்து நின்றதாகவும், இத்தனை வருடத்தில் ஒருவரும் கேட்டதில்லை என்றும் சொன்னார்.

மச்சான் அழுகையை நிறுத்திவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தான். மனைவி என் பக்கம் திரும்பினாள்.

"இஞ்சேருங்கோ, இனி ஆர் பெல் அடிச்சாலும் நீங்கள் போகவேண்டாம். இந்த மனுசனைப் போய்த் திறக்கச் சொல்லுங்கோ."

மச்சானுக்கு விசா கிடைக்கும்வரை, றோல்ஸ் சுருட்டும் நாட்களில் எங்கள் வீட்டுக் கதவை அவர்தான் திறந்தார்.