சிவப்புப் பொட்டு வைத்த கிளாஸ்

சோபனாவுக்கு ஞாபகசக்தி அதிகம். யார் எப்போது என்ன சொன்னார்கள், எந்த முகத்தோடு சொன்னார்கள் என்பதெல்லாம் அவளிடம் பத்திரமாக இருக்கும். அவள் புருஷன் சின்னராஜ் இதற்குப் பயந்தே அவளோடு சண்டைக்குப் போவதில்லை. அந்த ஞாபகங்களுக்கெல்லாம் அடியில் கிடப்பது ஒரு டீ கிளாஸ். அவள் வீட்டுச் சமையலறையில் மேல்தட்டில், யாரும் தொடக்கூடாது என்ற உத்தரவோடு அது இருந்தது.

காரிமங்கலத்துக்குப் பக்கத்தில் ஒரு காலனியில் பிறந்தவள் அவள். அப்பா அம்மா இரண்டு பேரும் பெங்களூரில் கட்டட வேலைக்குப் போய்விட்டார்கள். வளர்த்தது ஆயா குள்ளம்மாள். பேர்தான் அப்படி, ஆள் நல்ல உயரம். களை வெட்டப் போனால் மற்றவர்கள் பாதி சால் முடிப்பதற்குள் அந்தக் கோடிக்குப் போய் நிற்பாள். வெற்றிலை கிடையாது, பொடி கிடையாது. டீ என்றால் மட்டும் உயிர். சந்தைக்குப் போகிற நாளில் ஊர் முனையில் ராஜாமணி கடையில் ஒரு டீ குடித்துவிட்டுத்தான் பஸ் ஏறுவாள். பேத்தியும் கூடவே போவாள்.

ராஜாமணி டீ நன்றாகப் போடுவார். பகையாளிதான் என்றாலும் அதைச் சோபனா இன்றைக்கும் மறுக்க மாட்டாள். கடைக்குள் பலகையில் கிளாஸ்கள் வரிசையாக இருக்கும். அவை ஊர்க்காரர்களுக்கு. காலனி ஜனங்களுக்கானவை வெளியே, கூரை இறக்கத்து மூங்கிலில் செருகியிருக்கும். ஒன்றோடொன்று கலந்துவிடக் கூடாதே என்று ராஜாமணி அவற்றின் அடிப்பக்கத்தில் சிவப்புப் பெயின்ட்டில் ஒரு பொட்டு வைத்திருந்தார். அந்தக் கிளாஸை நாமே எடுத்து நீட்ட வேண்டும், அவர் எட்ட நின்று ஊற்றுவார். குடித்து முடித்ததும் நாமே கழுவிச் செருகிவிட்டு வர வேண்டும். ஊர்க்காரர்கள் குடித்த கிளாஸையெல்லாம் அவரே அலசி, பலகையில் கவிழ்த்து வைப்பார். எத்தனை ஆயிரம் கிளாஸ் கழுவிய கையோ அது. பொட்டு வைத்த கிளாஸை மட்டும் அந்தக் கை ஒருநாளும் கழுவியதில்லை.

ஆயாவும் பேத்தியும் புளியமரத்தடியில் குந்திக்கொண்டு ஒரே டீயைக் குடிப்பார்கள். மேல் பாதி ஆயாவுக்கு, அடிப் பாதி பேத்திக்கு. ஆயா சூடாகக் குடிக்க ஆசைப்படுகிறாள் என்றுதான் சோபனா ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தாள். ராஜாமணி அரைகுறையாகக் கலக்குகிற சர்க்கரை முழுவதும் அடியில் நிற்கும் என்பது பிறகுதான் புரிந்தது.

எட்டு வயதில் ஒருநாள் அவள் ஒரு தப்புச் செய்தாள். தப்பு என்று ஊர் சொன்னது. ஆயாவுக்கு உதவி செய்கிற ஆசையில் கிளாஸைத் தானே வாங்கி, மண் போட்டுத் தேய்த்துக் கழுவினாள். வெயிலில் பிடித்துப் பார்த்தால் கண் கூசியது. இவ்வளவு சுத்தமான கிளாஸ் மூங்கிலில் இருப்பானேன் என்று நினைத்து, கடைக்குள் எக்கி, பலகையில் மற்றவற்றோடு கொண்டுபோய்க் கவிழ்த்து வைத்தாள்.

ராஜாமணி அந்தச் சிவப்புப் பொட்டைப் பார்த்தார். டீக்கரண்டியால் நெட்டி அந்தக் கிளாஸைத் தரையில் தள்ளினார். பலகையில் இருந்த அத்தனை கிளாஸையும் கொதிக்கிற தண்ணீரில் எடுத்துப் போட்டார். பிறகு, தன் அம்மா வயதிருக்கும் ஆயாவைப் பார்த்துச் சொன்னார்.

"ஏ குள்ளம்மா, உம் பேத்திக்குப் புத்தி சொல்லி வளக்க மாட்டியா?"

கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள். ஆயா கையைக் கூப்பினாள். "தெரியாம பண்ணிடுச்சுங்க சாமி" என்றாள். அந்தச் 'சாமி'தான் சோபனாவின் நெஞ்சில் முள்ளாக நின்றுபோனது. தரையில் கிடந்த கிளாஸ் உடையவில்லை, விளிம்பில் ஒரு சில்லு மட்டும் பெயர்ந்திருந்தது. ஆயா அதை மடியில் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். அதற்குப் பிறகு சந்தைக்கு வேறு வழியாகச் சுற்றிப் போனாளே தவிர, அந்தக் கடைப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. வீட்டில் பாலில்லாமல், வெல்லம் போட்டு வறட்டீ காய்ச்சிக் குடிப்பாள். குடித்துவிட்டு, "என்ன இருந்தாலும் அவன் டீ நல்லா போடுவான்" என்பாள். சாகிறவரை சொன்னாள். அதைக் கேட்கும்போதெல்லாம் சோபனாவுக்கு ராஜாமணியின் குரல்வளையைப் பிடிக்க வேண்டும் போலிருக்கும்.

சோபனா படித்தாள். தர்மபுரியில் ஒரு கண் ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தாள், கல்யாணம் முடித்தாள், காலனியிலேயே மாடி வைத்து வீடு கட்டினாள். ராஜாமணியும் சும்மா இருக்கவில்லை. டீக்கடை பேக்கரியானது, பேக்கரி கல்யாண மண்டபமானது. இப்போது பஞ்சாயத்துத் தலைவர் பதவிக்கு நிற்கிறார். காலனி ஓட்டு இல்லாமல் ஜெயிக்க முடியாது என்ற நிலைமை. அதனால் இப்போதெல்லாம் வேட்பாளர்கள் செய்கிற வேலையை அவரும் செய்தார். காலனியில் வீடு வீடாகப் போய் டீ கேட்டு வாங்கிக் குடித்தார். அவருடைய அக்கா மகன் குரு செல்போனில் வீடியோ எடுத்துக்கொண்டே பின்னால் போனான்.

அடுத்தது தன் வீடு என்று தெரிந்ததும் சோபனா ஸ்டூலைப் போட்டு ஏறினாள். மேல்தட்டுக் கிளாஸ் இறங்கியது. பாலை நன்றாகக் காய்ச்சி, இஞ்சி தட்டிப் போட்டு, மனசார ஒரு டீ போட்டாள். ராஜாமணி வாசலில் நின்றபடியே வாங்கிக் குடித்தார், நன்றாக இருக்கிறது என்று செல்போனைப் பார்த்துச் சொன்னார். அவர் அவளை யாரென்று அறியவில்லை. காலி கிளாஸை நீட்டியபோது அவள் வாங்கவில்லை.

"குழா அங்க இருக்குதுங்க. கழுவி வெச்சிடுங்க" என்றாள்.

செல்போன் ஓடிக்கொண்டிருந்தது. ராஜாமணி சிரித்துக்கொண்டே குழாயடிக்குப் போய் அலசினார். டீ மாஸ்டராக இருந்த கை, பழக்கத்தை மறக்குமா? அலசிய கையோடு காம்பவுண்டு சுவரில் கவிழ்த்து வைத்தது. சிவப்புப் பொட்டு மேலே வந்தது. அவர் அதைப் பார்த்தார், பிறகு சோபனாவைப் பார்த்தார். அவர் சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. கூட வந்தவர்கள் கை தட்டினார்கள்.

சாயங்காலம் அந்த வீடியோ பாட்டோடு சுற்றியது. எளிமையின் சிகரம் என்று எழுதியிருந்தார்கள். பழிவாங்கப் போய், அவர் கழுத்தில் மாலை போட்டுவிட்டு வந்ததுபோல் ஆகிவிட்டதே என்று சோபனா சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் பக்கத்து வீட்டு அன்பரசி போனைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். வீடியோவுக்குக் கீழே வேறு பேச்சு ஆரம்பித்திருந்தது. முதலில் யாரோ, அந்தச் சிவப்புப் பொட்டு என்னவென்று எங்கள் அப்பாவுக்குத் தெரியும் என்று எழுதியிருந்தார்கள். நானும் அந்த மாதிரி கிளாஸில் குடித்தவன்தான் என்று அடுத்தவர். அப்புறம் பாலக்கோடு, மொரப்பூர், ஓசூரில் வேலைக்குப் போனவர்கள் என்று எங்கெங்கிருந்தோ வந்து எழுதினார்கள். பொட்டை மட்டும் பெரிதாக்கி, யார் வைத்த பொட்டு இது என்று கேட்டிருந்தான் ஒருவன். குரு வீடியோவை அழித்தான். அதற்குள் அது எல்லாருடைய போனிலும் ஏறிவிட்டிருந்தது.

அதற்கு அடுத்த நாள் காலையில் ராஜாமணி தனியாக வந்தார். கூட்டமில்லை, செல்போன் இல்லை. அந்தக் கிளாஸைக் கொடுத்துவிடச் சொன்னார். பழையதை எதற்கு வைத்துக்கொண்டு, உடைத்துப் போட்டுவிடலாம் என்றார்.

சோபனா அவரை உள்ளே கூப்பிட்டு நாற்காலியில் உட்காரவைத்தாள். அதே கிளாஸில் டீ கொடுத்தாள். அவர் குடித்து முடிக்கும்வரை எதிரிலேயே நின்றாள்.

"நீங்க கரண்டியால தள்ளுனப்பவே ஒடைஞ்சிருக்கணுங்க. ஒடையல. இது எங்காயா கிளாஸு. குடுக்கறதுக்கில்ல" என்றாள். பிறகு குழாயைக் காட்டினாள். "கழுவிட்டுப் போங்க."

"குள்ளம்மா பேத்தியா நீ?"

"குள்ளம்மாளுங்க" என்றாள் சோபனா. "முழுசாச் சொல்லுங்க."

"குள்ளம்மாள் பேத்திங்களா" என்றார் ராஜாமணி. எழுந்துபோய்க் கிளாஸைக் கழுவினார். எப்படி வைப்பதென்று தெரியாமல் சுவரோரம் கையில் வைத்துக்கொண்டே நின்றார்.

"கவுத்தே வைங்க" என்றாள்.

ஆயா இருந்திருந்தால், போதும் விடு கண்ணு, பாவம் என்றிருப்பாள். ஆயா இல்லை. ஓட்டுப்போடும் நாள் வரைக்கும் அந்தக் கிளாஸ் தெருவைப் பார்த்த சுவரின் மேலேயே கவிழ்ந்திருந்தது. யாரும் எடுக்கக் கூடாது என்று சோபனா உத்தரவு போட்டிருந்தாள்.