செதில் பார்த்து மீன் வாங்கியவர்

வியாழக்கிழமை காலை, காசிமேட்டில் மீன் விற்கும் செல்வி அக்கா போன் செய்தார். "எலியாஸ் சாரு போய்ட்டாருப்பா. தெருக்காரங்க பொட்டி மேல சிலுவை அடிச்சிகினு கீறாங்க. நீ வந்து சொல்லு."

எலியாஸ் சார் எண்ணூர் தொழிற்சாலையில் என்னோடு பதினெட்டு ஆண்டுகள் வேலை பார்த்த பாய்லர் மேற்பார்வையாளர். பெயரை வைத்தே, அவர் குடியிருந்த ராயபுரம் அவரைக் கிறிஸ்தவர் என்று முடிவு கட்டியிருந்தது. கிறிஸ்துமஸ் கேக் கொடுத்தால், "எங்களுக்கு இந்தப் பண்டிகை இல்லைங்க" என்பார். கூச்சப்படுகிறார் என்று இன்னொரு துண்டு வைப்பார்கள். அவர் யூதர்.

எனக்கோ கேள்வி கேட்காவிட்டால் தலை வெடித்துவிடும். சனிக்கிழமை வேலைக்கு வராமல், பதிலுக்கு எங்கள் ஞாயிற்றுக்கிழமை ஷிப்டுகளை ஏன் ஏற்றுக்கொள்கிறீர்கள் என்று கேட்டேன். "ஆறு நாள் உலகத்த நாம திருத்தலாம். ஒரு நாள் அத அப்படியே விட்டுடணும்" என்றார். இறால் சாப்பிட்டால் என்ன ஆகும் என்றேன். "ஒண்ணும் ஆகாது. அதனாலதான் சாப்பிடாம இருக்கறதுக்கு அர்த்தம் இருக்கு."

மீனுக்குத் துடுப்பும் செதிலும் இருக்க வேண்டும் என்பது அவர்கள் சட்டம். சுத்தம் செய்த மீனை வாங்கமாட்டார். செதிலைக் கண்ணால் பார்க்க வேண்டும். அவருக்கென்று ஒரு சங்கரா மீனைச் செதில் சுரண்டாமல் எடுத்துவைப்பார் செல்வி அக்கா. மனைவி காலமானபின் தனியாக இருந்த அவருடைய மதம், எங்கள் இருவருக்குத்தான் தெரியும்.

போய்ச் சிலுவையைக் கழற்றச் சொன்னேன். "அனாதை மாரி அனுப்பச் சொல்றியா?" என்று பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வந்தார். அன்பில்தான் கேட்டார். ஆனால் சார் வேறு யாராகவோ புதைக்கப்படுவதை என்னால் பொறுக்க முடியவில்லை.

"இத்தினி வருசமா செதில் பாத்து துன்ன மனுசன்யா. இப்ப ஏன் மாத்துற?" என்றார் செல்வி அக்கா. பக்கத்து வீட்டுக்காரர் தானே ஆணியைப் பிடுங்கினார்.

மதியம் கொச்சியிலிருந்து சாரின் மைத்துனர் வந்தார். குளிப்பாட்டி, வெள்ளைத்துணி சுற்றி, ஊருக்குள் இருக்கும் சிறிய யூதர் கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுபோனோம். குழியருகே மைத்துனர் பாதியில் பிரார்த்தனைப் புத்தகத்தை மூடினார். இறந்தவருக்கான ஒரு பிரார்த்தனையைச் சொல்ல, பத்து யூத ஆண்கள் வேண்டுமாம். இருந்தது அவர் ஒருவர்.

"இத்தினி பேரு கீறோமே, எங்கள சேத்துக்க சாமி" என்றார் செல்வி அக்கா. மைத்துனர் அழுதுகொண்டே மறுத்துத் தலையசைத்தார்.

எனக்குச் சுருக்கென்றது. பிறகுதான், சாரும் மறுத்திருப்பார் என்று புரிந்தது. அந்தப் பிரார்த்தனை சொல்லப்படாமலேயே, ஆளுக்கொரு கைப்பிடி மண் போட்டோம்.

போய் வாருங்கள், சார். உங்கள் சட்டத்தில் ஒன்றைக்கூட நாங்கள் வளைக்கவில்லை.