அப்புக்காத்தருக்கு ஐந்து பக்கம்

அம்மா செத்து மூன்று கிழமை ஆகியிருந்தது. முப்பத்தோராம் நாள் கிரியைக்கு வருபவர்களுக்குக் கொடுக்க, செத்தவரின் வாழ்க்கையைச் சொல்லும் கல்வெட்டுப் புத்தகம் அடிக்க வேண்டும். வுப்பர்டாலில் இருக்கும் மாமா, அம்மாவின் அண்ணன், அந்தப் பொறுப்பைத் தன் தலையில் போட்டுக்கொண்டார். அவர் எழுதி அனுப்பிய எட்டுப் பக்கத்தில் ஐந்து பக்கம் அம்மாவின் பூட்டனார், தாத்தாவின் அப்பா.

பூட்டனார் வெள்ளைக்காரன் காலத்தில் யாழ்ப்பாணத்தில் அப்புக்காத்து, கோட்டில் வாதாடும் வக்கீல். மாட்டுவண்டியில் சட்டப் புத்தகங்களை ஏற்றிக்கொண்டு கோட்டுக்குப் போவாராம். புகையிலை வரியைப் பற்றி ஏசண்டுத் துரையின் முகத்துக்கு நேரே பேசினாராம். உள்ளூர்ச் சபைக்கு நின்று ஒருமுறை தோற்று, மறுமுறை வென்று, தன் வளவு வாசல் வரைக்கும் றோட்டுப் போட்டாராம். இந்த றோட்டுக்கு மாமா வைத்த தலைப்பு ‘மக்கள் சேவை’. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. டோர்ட்மண்டில் இருபத்தாறு வருடம் ஆஸ்பத்திரி நிலம் துடைத்த அம்மாவுக்கு நாலு வரி. அதிலும் இரண்டு வரி பிள்ளைகளின் பட்டங்கள்.

“செத்தது அம்மாவோ, அப்புக்காத்தரோ?” என்று தொலைபேசியில் கத்தினேன்.

“பிள்ளை, பரம்பரையைச் சொன்னாத்தான் கொம்மா ஆரெண்டு சனத்துக்கு விளங்கும்.”

“அம்மா ஆரெண்டு எனக்குத் தெரியும் மாமா. நான் எழுதுறன்.”

“ஓம், எழுதன். ரெண்டு பக்கம் விடுறன். நாளைக்கு அச்சுக்குக் குடுக்கவேணும், பிந்த ஏலாது.”

வேலைக்கு லீவு சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். பிறந்த ஊர், கலியாணம், அகதி முகாம், வேலை. அரைப் பக்கம் வந்தது. அதற்குமேல் ஓடவில்லை. பள்ளிக்கூடத்தில் அம்மாவுக்கு எந்தப் பாடம் பிடிக்கும்? தெரியாது. அப்பா வந்து சேரும்வரை முகாமில் தனியாக எப்படி இருந்தார்? கேட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் வேலை முடிந்து ஒரு மணித்தியாலம் பிந்தித்தான் வருவார். எங்கே போனார்? சாப்பாடு பிந்துகிறதென்று எரிந்து விழுந்திருக்கிறேன், அவ்வளவுதான். பூட்டனாரின் வண்டி மாடுகளின் நிறம்கூட எனக்குத் தெரியும். வெட்கமாக இருந்தது.

மறுபடி மாமாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். “நீங்கள் கூடப்பிறந்த ஆள்தானே. அம்மாவுக்கு என்ன ஆசை இருந்தது?”

“அவ ஒண்டும் கேக்கிறேல்லையே, பிள்ளை.”

அரைப் பக்கத்தை அனுப்பினேன். பார்த்துவிட்டு மாமாவே எடுத்தார். ஒன்றரைப் பக்கம் வெறுமையாகக் கிடக்கிறதே, என்ன செய்வதென்று கேட்டார்.

“அப்புக்காத்தரையே போடுங்கோ” என்றேன்.