அவன் கையிலிருந்த ஜாய்ஸ்டிக்

நான் வாயை மூடிக்கொண்டால் இந்த விளையாட்டு நின்றுவிடும். டிவியில் கலங்கரை விளக்கத்துக் கிழவன் பிரெஞ்சில் நீளமாகப் புலம்பிக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு இது உறைத்தது. ஜாய்ஸ்டிக் என் பள்ளித் தோழன் கையில். பக்கத்தில் உட்கார்ந்து திரையில் வரும் ஒவ்வொரு வரியையும் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தவன் நான். கோடை விடுமுறை முழுக்க இதுதான் எனக்கு வேலை. ஒருநாள்கூட அவன் அந்த ஜாய்ஸ்டிக்கை என் பக்கம் நீட்டியதில்லை.

அவனுடையது சொல்தா வீடு, பட்டாளத்துக்காரர் வீடு. அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தார். ஊருக்கு வரும்போதெல்லாம் பிரான்ஸில் கடைவாசலில் தள்ளுபடிக் கூடையில் கிடக்கும் டிஸ்க்குகளை அள்ளிவருவார். யாரும் சீந்தாததால்தானே கூடைக்கு வந்தது? எங்களுக்கு அதுவே யோகம். டவுனில் மற்றவனெல்லாம் பிரவுசிங் சென்டரில் ஒரே துப்பாக்கி விளையாட்டை மாய்ந்து மாய்ந்து ஆடினான். ஒரே சந்து, ஒரே பெட்டி, ஒரே சாவு. இங்கேயோ டிராக்டரில் கோதுமை அறுக்கலாம், ஏரியில் தூண்டில் போட்டுவிட்டுச் சும்மா காத்திருக்கலாம், பனிச்சரிவில் கரடியாகச் சறுக்கலாம். டிராக்டர் விளையாட்டு பார்க்கச் சகிக்காது. ஆனால் அறுப்பு முடியாமல் மேகம் கூடும்போது மழைக்கு முன் முடிக்கப் பறக்கிற அவசரம் இருக்கிறதே, அதைத் துப்பாக்கிக்காரர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. நான் முயன்றதும் இல்லை.

எல்லாவற்றுக்கும் மேலே அந்தக் கலங்கரை விளக்கம். விளக்கு அணைந்துபோன தீவு. கையில் கொஞ்சம் எண்ணெய். யாருக்குக் கொடுப்பது, யாரிடம் என்ன பதில் சொல்வது என்பதுதான் ஆட்டமே. தப்பாகச் சொன்னால் ஒரு கதவு நிரந்தரமாக மூடிக்கொள்ளும். படிக்கத் தெரியாதவன் படியேற முடியாது.

அவன் வீட்டில் எல்லோருக்கும் பிரெஞ்சு பாஸ்போர்ட். அவனுக்குத் தெரிந்த பிரெஞ்சோ 'உய்' மட்டும்தான், அதாவது 'ஆமாம்'. போனில் அப்பா எதைக் கேட்டாலும் "உய் பப்பா, உய் பப்பா." என் அப்பாவுக்குத் தட்டாஞ்சாவடியில் லேத் வேலை. எங்கள் ஊரில் பாதிப் பேர் செய்வதைத்தான் நானும் செய்திருந்தேன்: மார்க் கொட்டும் என்று தமிழை விட்டுவிட்டு பிரெஞ்சை எடுத்திருந்தேன்.

"டேய், அந்தாளு இன்னா சொல்றான்?"

"ஜாய்ஸ்டிக்கக் குடு, சொல்றேன்."

"யாரு ஊட்டு கேமுடா இது?"

"உங்க ஊட்டு கேமுதான். உங்க ஊட்டு பாஷையுந்தான். படி."

"தெனம் எங்கம்மா குடுக்குற கேக்கத் தின்னுட்டுப் பேசுற பேச்சப் பாரு!"

"கேக்கு உங்கம்மா குடுத்தாங்க. நீ இன்னா குடுத்த?"

அவன் அம்மாவுக்கு பிரெஞ்சு நன்றாகவே வரும். ஆனால் அவரைக் கூப்பிட்டால் மகனுக்கு இன்னும் ஒரு வரி படிக்கத் தெரியாது என்ற சேதி பிரான்ஸில் அப்பா வரைக்கும் போய்விடும். கூப்பிடமாட்டான் என்று எனக்குத் தெரியும். செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து சைக்கிளில் வந்து எங்கள் வாசலில் நின்றான். "எல்லாம் போச்சுடா, உன்னால." என்ன போச்சு என்று அவன் வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். தனியாக ஆடியிருக்கிறான். எண்ணெய் தருவாயா என்று கேட்டவனுக்கெல்லாம் உய். வழி தெரியாமல் முதல் பக்கத்துக்குத் திரும்பியிருக்கிறான். புதிதாகத் தொடங்கினால் பழைய ஆட்டம் மெமரி கார்டிலிருந்து அழிந்துவிடும், சம்மதமா என்று திரை கேட்டிருக்கிறது. உய். விடுமுறை முழுக்க நான் படித்துப் படித்து ஏற்றிய ஆட்டம் போய், படகு மறுபடி தீவின் கரையில் நின்றது.

"நெஜமா அழிக்கட்டுமான்னு இன்னொரு வாட்டி கேட்டிருக்குமே?"

"கேட்டுச்சு."

"அதுக்கும் உய்யா?"

"நீ படிச்சுச் சொல்லியிருந்தா..."

சிரித்துவிட்டேன். அவன் பிடித்துத் தள்ளினான். நானும் தள்ளினேன். டிவி ஸ்டாண்ட் ஆடியதும் அவன் அம்மா ஓடிவந்து விலக்கினார். "இனிமே இந்தப் பக்கம் வராத!" என்று கத்தினான். "உன் டிராக்டர நீயே ஓட்டிக்க," என்று சொல்லிவிட்டு வந்தேன். அதன்பிறகு பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தும் பேசவில்லை.

இப்போது காலாப்பட்டுப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறேன். சண்டே மார்க்கெட்டில் பழைய கன்சோல் ஒன்று கிடைத்தது. அந்தக் கலங்கரை விளக்க டிஸ்க்தான் கிடைக்கவில்லை. இணையத்தில் துழாவினால் அட்டைப்படமும் யாரோ ஒரு பிரெஞ்சுக்காரனின் திட்டும் மட்டுமே. விளக்கு எரிந்ததா என்று யாரும் எழுதிவைக்கவில்லை. போன வாரம் பஸ்ஸில் அவனே எதிரில் உட்கார்ந்திருந்தான்.

"டிஸ்க்கு இருக்கு. தரமாட்டேன்," என்றான், நான் கேட்பதற்கு முன்பே. "வேணும்னா ஊட்டுக்கு வா. ஆனா நாந்தான் ஆடுவேன்."

"யாரு படிப்பா?"

"நெட்ல பாத்துப்பேன்."

"நெட்ல இல்ல. பாத்துட்டேன்."

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். வராதே என்று மட்டும் சொல்லவில்லை.

சனிக்கிழமை போகிறேன். என் ஜாய்ஸ்டிக்கைப் பையில் எடுத்துக்கொண்டு போகிறேன். அவன் டிஸ்க்கைத் தேடி எடுப்பதற்குள் அதை ஆடுபவனுக்கான முதல் துளையில் செருகிவிட்டு, படகிலிருந்து நானே இறங்கப் போகிறேன்.