முதுகுக்குப் பின்னால் ஒரு கூடு

தாமிரபரணி கடலில் சேரும் இடத்தில் இருக்கிற மணல்திட்டுக்கு ஃபிளோராதான் காவல். அங்கே காவல் காக்க என்ன இருக்கிறது என்று ஊர் இன்னமும் சிரிக்கிறது. உப்புக்கொத்தி என்றொரு பறவை; உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். கூடு கட்டுகிற பொறுமையெல்லாம் அதற்குக் கிடையாது. வெறும் மணலில் சின்னக் குழி பறித்து முட்டையிட்டுவிடும். இந்தக் கரையில் அது அருகிப்போனதால், பாளையங்கோட்டை வாத்தியார் வில்சனின் பறவைக் குழு அவளை வேலைக்கு வைத்தது.

ஃபிளோரா அலுத்துப்போயிருந்தாள். காலையில் தெருத்தெருவாக மீன் விற்றுவிட்டு, உச்சி வெயிலில் வந்து நாய் விரட்ட வேண்டும். மூன்று கோடையாக விரட்டுகிறாள். மூன்று கோடையும் முட்டைகளைத் தின்று நாய்கள்தான் ஜெயித்தன. இந்த வருடம் மிஞ்சியது ஒரே கூடு. அதுவும் போனால் இந்தத் திட்டைக் கைவிட வேண்டியதுதான் என்று குழுவில் பேச்சு.

கடற்கரைக்காரிக்கு வேலி என்றால் வேறென்ன தோன்றும்? கணவர் ரேமண்ட் கழித்துப் போட்ட பழைய வலையை எடுத்துவந்து, கூட்டைச் சுற்றிக் கம்பு நட்டுக் கட்டினாள்.

"ஏட்டி, மீனுக்குப் போடுத வலைய குருவிக்குப் போடுதியா?" என்று ரேமண்ட் கேலி செய்தார்.

"நாய் உள்ள போவாதுல்லா, அது போதும்."

நாய் போகவில்லைதான். ஆனால் உப்புக்கொத்தி நேராகக் கூட்டில் வந்து இறங்காது. தள்ளி இறங்கி, மணலில் குடுகுடுவென்று ஓடித்தான் முட்டைக்குப் போகும். தினமும் பார்க்கிறவளுக்கு அது தெரியாதா என்ன? கட்டும்போது நாய் மட்டுமே நினைப்பில் இருந்தது. மறுநாள் அவள் வந்தபோது, தாய்ப்பறவை வலைக்கண்ணில் கால் மாட்டிப் படபடத்துக்கொண்டிருந்தது.

வலையில் சிக்கிய மீனை எடுத்துப் பழகிய விரல்கள் பறவையை மெல்லப் பொத்திப் பிடித்தன. நூலை விலக்கி விட்டதும் பறவை ஆற்றைத் தாண்டிப் போய்விட்டது.

"மாதாவே, நானே கெடுத்துட்டனே!" என்று வாய்விட்டு அழுதாள். அழுதுகொண்டே வலையைப் பிடுங்கிச் சுருட்டினாள். தாய் வந்து மூடாவிட்டால் வெயிலில் முட்டை வெந்துவிடும்.

வில்சனுக்குப் போன் செய்தாள். அவர் அப்போதுதான் அக்கரையில் வந்து இறங்கியிருந்தார். கையில் பைனாகுலர் இருந்தது.

"அக்கா, நீங்க அங்கன நின்னா அது வராது. தள்ளிப் போங்க. கூட்டப் பாக்கவும் செய்யாதீங்க."

"நான் போயிட்டா நாய் வருமே சார்?"

வெகுதூரம் தள்ளிப் போய், கூட்டுக்கு முதுகைக் காட்டி, நாய்கள் வரும் திசையைப் பார்த்து மணலில் உட்கார்ந்தாள். மடியில் கம்பு. சுடுமணலில் உட்கார்ந்தே கண் சொருகியது. இனி எந்தப் பறவைக்கும் காவல் வேண்டாம், வீட்டுக்குப் போய்ப் படுத்தால் போதும் என்றிருந்தது.

போன் அடித்தது.

"அக்கா, வந்துட்டு! முட்டை மேல உக்காந்துட்டு!"

அவளுக்குத் திரும்பிப் பார்க்க அப்படியோர் ஆசை. ஒரே ஒரு தடவை.

படகு நிழலில் கிடந்த நாயொன்று எழுந்து சோம்பல் முறித்தது. அவளும் கம்பை ஊன்றி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் எழுந்தாள்.