சுடாத நியூட்ரல்

ஷாஜியாவைக் கல்யாண வீட்டில் சாப்பிட உட்கார வைப்பது லேசுப்பட்ட காரியமில்லை. பந்தி விசாரிக்கிற நான் கூப்பிட்டால் "இந்தா வாரேண்ணே" என்பாள், வரமாட்டாள். போய்ப் பார்த்தால் மெயின் போர்டுப் பக்கம் மின்சாரம் திரும்பிப் போகும் நியூட்ரல் ஒயரின் உறையைத் தொட்டுச் சூடு பார்த்தபடி நிற்பாள். எல்.இ.டி. விளக்குக்கு மின்சாரத்தைப் பக்குவப்படுத்தித் தரும் டிரைவர் பெட்டி செய்து கொடுக்கிற பெண்ணே இப்படி நிலைகொள்ளாமல் அலைந்தால் நமக்குப் பயம் வராதா?

காரணம் அவளைப் பெற்ற அத்தா ஜியாவுதீன். சில வருஷத்துக்கு முன்பு கண்டனூரில் மீனம்மாள் ஆச்சி வீட்டுக் கல்யாணத்துக்கு அவர்தான் ஒயரிங். மூன்று பேஸ் கம்பிகளில் வரும் மின்சாரத்தை வளவு என்கிற முதற்கட்டுக்கு ஒரு பேஸ், இரண்டாங்கட்டுக்கு ஒன்று, மூன்றாங்கட்டுக்கு ஒன்று என்று சமமாகப் பிரித்தார். மூன்றும் சமமென்றால் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும், நியூட்ரலுக்கு வேலையே இல்லை என்று மெல்லிய ஒயரைப் போட்டார். குண்டு பல்புக்கு அது சரிதான். அன்று எரிந்ததோ பெரிய எல்.இ.டி. விளக்குகள். மலிவு டிரைவர் மின்சாரத்தைச் சீராக இழுக்காது. அலையின் உச்சியில் மட்டும் மடக்கென்று விழுங்கும். மூன்று பேஸும் வெவ்வேறு நேரத்தில் உச்சி தொடுவதால் அந்த விழுங்கல்கள் ஒன்றையொன்று கழிக்காமல் மொத்தமாக நியூட்ரலில் வந்து சேர்ந்தன. ஒயர் உருகித் தேக்குச் சட்டத்தில் தீப்பிடித்தது. அதைக் கையால் பிடுங்கிப் போட்ட ஜியாவுதீனுக்கு வலது உள்ளங்கை பொசுங்கிப் போனது. அதன்பின் அவர் எந்தக் கல்யாண வீட்டுப் படியும் ஏறவில்லை.

மின்சாரத்தைச் சீராக இழுக்கவைக்கும் பகுதியை ஷாஜியா ஒவ்வொரு டிரைவரிலும் சேர்த்தாள். "அது இல்லாமலே லைட்டு எரியுதுல்ல, பொறகென்ன?" என்று பந்தல்காரர்கள் சிரிப்பார்கள். எனக்கு ஆத்திரமாக வரும்.

போன தை மாதம் அதே வீட்டில் பேத்தி கல்யாணம். "லைட்டு ஒன்னோடதுதான். ஒங்கத்தாவையும் கூட்டியா" என்றார் ஆச்சி. இந்தத் தடவையும் நியூட்ரல் சுட்டால் மனிதர் அதோடு முடங்கிவிடுவார் என்று ஷாஜியா பயந்தாள். நானும் பயந்தேன்.

சாயங்காலம் மூன்று கட்டிலும் விளக்குகள் எரிந்தன. முகப்பிலேயே தயங்கி நின்ற அத்தாவை ஷாஜியா மெயின் போர்டுப் பக்கம் இழுத்து வந்தாள்.

"தொட்டுப் பாருங்கத்தா."

நியூட்ரல் ஒயர்மேல் வலது கையை வைத்தார். "சுடலம்மா."

அவள் முகம் தெளியவில்லை. பொசுங்கிய கைக்குச் சூடு தெரியாது.

"அந்தக் கை வேணாம்த்தா." இடது கையைத் தானே எடுத்து ஒயர்மேல் வைத்தாள்.

வெகுநேரம் வைத்திருந்தார். கண் கலங்கிவிட்டது. "குளுந்து கெடக்கும்மா."

அப்போதும் அவள் நகரவில்லை.

"நீ போயிச் சாப்புடு. நான் பிடிச்சிக்கிட்டு நிக்கிறேன்" என்றார் அத்தா.

அன்றைக்குத்தான் ஷாஜியா மோர் ஊற்றும்வரை இலையைவிட்டு எழவில்லை.