ஒரு பீட் முந்திய பாப்பா

என் அக்காவுக்கு வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் வேலை. ஜன்னல் பக்கத்துக் கை மட்டும் வெயிலில் கறுத்திருக்கும். வலது கால் எப்போதும் பிரேக்குக்கு மேலேயே நிற்கும், வீட்டில் சோபாவில் உட்கார்ந்தாலும் அப்படித்தான். இவளைப் பார்த்து இன்னமும் ஊர் ‘பாப்பா’ என்கிறது. பதினைந்து வயதில் ஒரு மியூசிக் கம்பெனி ஒட்டிவிட்ட பெயர் அது. ஒட்டியவர்கள் மறந்துவிட்டார்கள், பெயர் மட்டும் உரிந்து வரவில்லை.

அந்த வயதில் அவள் ஒரு ஆல்பம் பாடினாள். அட்டையில் இரட்டைப் பின்னலும் கையில் பலூனுமாக நிற்பாள். படம் எடுத்த அன்று அவளுக்குச் சளி. மூக்கு சிவந்திருந்தது. மூக்கை மறைக்கத் தெரியாத மேக்கப்காரர் கன்னத்தையும் சேர்த்துச் சிவப்பாக்கிவிட்டார். கம்பெனிக்காரர்கள் ‘என்ன களை, என்ன களை’ என்று கூத்தாடினார்கள். எனக்கு அப்போது பதினோரு வயது. எனக்கே அது ஜலதோஷம் என்று தெரிந்தது.

ஐந்தாவது பாட்டில்தான் வினை. இரண்டாவது சரணத்துக்கு முன்னால் டிரம்ஸ் நிற்கும். ஒரு பீட் சும்மா போகும். அதற்கு அடுத்த பீட்டில் அக்கா பாட்டை எடுக்கவேண்டும். கண்ணாடி அறைக்குள் அவள், வெளியே இசையமைப்பாளர். அவர் கையைத் தூக்கினால் இவள் பாடவேண்டும், அதுதான் ஏற்பாடு. அன்றைக்கு அந்த மேதைக்கு மூக்குக்கண்ணாடி வழுக்கியது. கையைத் தூக்கிச் சரிசெய்துகொண்டார். இவள் ஒரு பீட் முந்திப் பாடிவிட்டாள்.

“சார், இன்னொரு தடவை பாடிடறேன் சார்” என்று கெஞ்சியிருக்கிறாள். “விடும்மா, யாருக்குத் தெரியப்போகுது?” என்று அவர் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். அடுத்து ஒரு சோப்பு விளம்பரக் கோஷ்டி ஸ்டுடியோ வாசலில் காத்திருந்ததாம்.

ஒருவருக்குத் தெரிந்துவிட்டது. பத்திரிகையில் பாட்டு விமர்சனம் எழுதுகிறவர். ‘பாப்பா டிரம்ஸோடு ஓட்டப்பந்தயம் ஓடி முதலில் வந்திருக்கிறார். பரிசாக நிரந்தர ஓய்வு கொடுத்துவிடலாம்’ என்று எழுதினார். எழுதிவிட்டுத் தானே சிரித்துக்கொண்டிருப்பார், அந்த ரகம். ஆல்பம் படுத்துவிட்டது. கம்பெனியில் போனை எடுப்பதை நிறுத்திவிட்டார்கள். கண்ணாடி வழுக்கிய கதையை அக்கா சொன்னபோது ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை, எங்கள் அப்பா உட்பட.

“ஒரு பீட்டு பொறுக்க முடியலையாடி உனக்கு?” என்றார் அப்பா.

அதன்பிறகு வீட்டில் அது நிரந்தர வசனமாகிவிட்டது. அவள் சாப்பாட்டுக்கு முதலில் உட்கார்ந்தால் அதைச் சொல்வார். கல்யாணத்துக்குச் சரி என்று கொஞ்சம் சீக்கிரம் சொல்லிவிட்டாள், மாப்பிள்ளையான மாமாவின் வீட்டார் முன்னாலேயே அதைச் சொல்லிச் சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள். எனக்கு மட்டும் பற்றிக்கொண்டு வந்தது. அவள் பாடுவதை விட்டுவிட்டாள். குளிக்கும்போதுகூட ஒரு முனகல் கேட்காது. கார்ப் பள்ளியில் மற்றவர்கள் எல்லாம் கையைக் காட்டி ‘இப்படித் திருப்பு’ என்பார்கள். இவள் கையை மடியிலிருந்து எடுக்கவே மாட்டாள், வாயால்தான் சொல்வாள். கையை நம்பி ஏமாந்தது ஒரு தடவை போதாதா?

போன வருஷம் திடீரென்று அந்த ஐந்தாவது பாட்டு பிள்ளைகளின் போன்களில் புகுந்துகொண்டது. அவள் முந்தி எடுக்கிற அந்த இடத்துக்குத் தடுக்கி விழுவதுபோல ஒரு குதி குதித்து வீடியோ போட்டார்கள். பல் டாக்டர் குதித்தார், போலீஸ்காரர் குதித்தார். கம்பெனிக்குத் தூக்கம் கலைந்தது. ஒரு மேனேஜர் பூங்கொத்தோடு கார்ப் பள்ளிக்கு வந்து, எதிரே நின்ற அக்காவிடமே, “பாப்பா மேடம் எங்க இருக்காங்க?” என்று கேட்டார்.

“நான்தான். வண்டிய வழியில நிறுத்தியிருக்கீங்க, மொதல்ல எடுங்க” என்றாள் அக்கா.

ஆல்பத்தை மெருகேற்றி மறுபடி வெளியிடப்போகிறார்களாம். அட்டைக்குப் பின்னால் முன்னுரை எழுத யாரைப் பிடித்தார்கள் என்று நினைக்கிறீர்கள்? அதே விமர்சகரை. ‘இந்தக் குரலின் மகத்துவத்தை அன்றே உணர்ந்தவன் நான்’ என்று கூச்சமே இல்லாமல் தொடங்கியிருந்தார். மனிதருக்கு நாக்கு இரண்டு பக்கமும் மடங்கும் போலிருக்கிறது.

மெருகேற்றிய பையன் யாரோ, வேலை தெரிந்தவன். முந்தி வந்த இடத்தைப் பிடித்து இழுத்து, சரியான பீட்டில் உட்காரவைத்துவிட்டான். முதல் பிரதி அக்காவுக்கு வந்தது. பள்ளிக்குப் பின்னால் காரை நிறுத்தி, கண்ணாடிகளை ஏற்றிவிட்டுக் கேட்டாள். நான் பின்சீட்டில் இருந்தேன். அந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் போட்டாள்.

“பாருடி, சரியா வந்துட்டேன்” என்றாள். அழுதுகொண்டிருந்தாள். அவ்வளவு வருஷம் அவள் அதையே சுமந்துகொண்டு திரிந்திருக்கிறாள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. “அழுதது போதும், ஏசியப் போடு” என்று கத்தினேன்.

அந்தச் சந்தோஷம் ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. ஆல்பம் வெளியானதும் ரசிகர்கள் கொந்தளித்துவிட்டார்கள். ‘எங்கள் தப்பைத் திருப்பிக் கொடு’ என்று போர்க்கொடி. பாட்டைக் கொலை செய்துவிட்டார்கள் என்று ஒருவன், தன் இளமையையே திருடிவிட்டார்கள் என்று இன்னொருவன். அந்த இன்னொருவனுக்கு இருபது வயதுகூட இருக்காது. கம்பெனி தரையில் விழுந்து மன்னிப்புக் கேட்டது. எல்லாப் பிரதிகளையும் திரும்ப வாங்கி, பழையபடி மாற்றி, ‘அசல் பிழையுடன்’ என்று சிவப்பில் ஸ்டிக்கர் ஒட்டி விற்றது. அக்காவிடம் இருந்த பிரதியையும் கேட்டார்கள். தொலைந்துவிட்டது என்றாள். காரின் டேஷ்போர்டுக்குள் பத்திரமாக இருந்தது.

மறுவெளியீட்டு விழாவுக்கு வரவேண்டும் என்று மேனேஜர் வந்து வழிந்தார். அக்கா ஒரே நிபந்தனை போட்டாள். ஐந்தாவது பாட்டை மேடையில் அவளே பாடுவாள்.

“தாராளமா மேடம். அந்த இடத்துல மட்டும் அந்த... பழைய மாதிரி...”

“சரியாப் பாடுவேன்.”

மேனேஜர் பல்லைக் காட்டினார். அதைச் சம்மதம் என்று அவள் எடுத்துக்கொண்டாள். அன்றிலிருந்து கடைசி மாணவர் இறங்கிப் போனதும் காருக்குள் பயிற்சி. டிரம்ஸ் நிற்கும், பிரேக்கை ஒரு தடவை மிதிப்பாள், பாட்டை எடுப்பாள். ஒரு தடவைகூடத் தவறவில்லை. “இந்த வயசுல இது தேவையா?” என்றார் மாமா. “தேவைதான்” என்றாள்.

விழா மண்டபம் பிதுங்கியது. ஆளுக்கொரு பலூன். விமர்சகர் முதல் வரிசையில், வழுக்கைக்குப் பின்னால் மிஞ்சியதைக் குடுமி கட்டிக்கொண்டு. அக்கா மேடையேறியதும் கூரை பறக்கிற மாதிரி கத்தினார்கள். முதல் சரணம் நன்றாகவே போனது. குரல் கனத்திருந்தது, ஆனால் பழைய சிணுங்கல் போய், முழுசாக, நிதானமாக வந்தது. என் அக்கா என்பதற்காகச் சொல்லவில்லை, அழகாகப் பாடினாள்.

டிரம்ஸ் நின்றது.

மண்டபமே ஒரு பீட் முந்தி எடுத்தது. அத்தனை பேரும், அத்தனை தொண்டையும், தப்பை மனப்பாடம் செய்துகொண்டு வந்திருந்தார்கள். அக்காவின் வலது கால் தரையை ஒரு தடவை மிதித்தது. மிதித்துவிட்டு, எடுக்கவேண்டிய இடத்தில் எடுத்தாள்.

கூட்டம் முன்னால் போய்க்கொண்டிருந்தது, அவள் பின்னால். டிரம்ஸ்காரர் இரண்டு பக்கமும் பார்த்தார், கூட்டத்தோடு சேர்ந்துகொண்டார். சிரிப்பு கிளம்பியது. கேலிகூட இல்லை, கொஞ்சுகிற சிரிப்பு. அதுதான் எனக்கு அதிகம் எரிந்தது. ஓரத்தில் நின்ற மேனேஜர், சீக்கிரம், சீக்கிரம் என்று கையை வீசினார். அவள் அந்தப் பக்கமே பார்க்கவில்லை. எல்லோரும் முடித்து, வாத்தியங்களும் நின்ற பிறகு, கடைசிச் சொல்லைத் தனியாகப் பாடி முடித்தாள்.

“பாப்பா! இந்தத் தடவை லேட்டு!” என்று ஒருவன் கத்தினான். மண்டபம் கைதட்டித் தீர்த்தது. விமர்சகர் எழுந்து நின்று தட்டினார். மறுநாள் எழுதியும்விட்டார்: ‘அன்று முந்தினார், இன்று பிந்தினார். தாளம் இன்னும் அவருக்குப் பிடிபடவில்லை, அதுதான் அவருடைய அழகு.’

திரும்பும்போது அக்காதான் ஓட்டினாள். நான் வழி நெடுக ஒவ்வொருவரையாகத் திட்டித் தீர்த்தேன். வீட்டு வாசலில் இறங்கும்போது, “நீ சொல்லு, நான் சரியா வந்தேனா?” என்று கேட்டாள்.

“நீ ஒருத்திதான்க்கா சரியா வந்தே.”

கதவைத் திறந்தோம். அப்பா சோபாவில் உட்கார்ந்து, யாரோ அனுப்பிய வீடியோவைப் போனில் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த இடத்தை மறுபடி ஓட்டிப் பார்த்துவிட்டுத் தலையைத் தூக்கினார்.

“ஊரே பாடும்போது சேர்ந்து பாட வேண்டியதுதானே? எதுக்குடி ஒரு பீட்டு பொறுத்தே?” என்றார்.

அக்கா அப்போதுதான் மாட்டிய கார்ச் சாவியை ஆணியிலிருந்து திரும்ப எடுத்துக்கொண்டு வெளியே போனாள். கார்க் கதவு சாத்திக்கொண்டது. குனிந்து டேஷ்போர்டைத் திறந்தாள். கண்ணாடிகள் ஒவ்வொன்றாக மேலே ஏறின.